புகார்: பெட்டியில் ‘உபுண்டு 22.04’, ஆனால் 6.8 கெர்னலில் ஏறாத டீபக்கர் டிரைவர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.

வணக்கம் ஐயா,

உங்கள் டெவலப்மென்ட் கிட்டோடு வரும் ஜேடேக் டீபக்கர் (சிப்பில் ஓடும் நிரலின் பிழைகளைக் கண்டறியக் கணினியோடு இணைக்கும் கருவி) பற்றி நான் திறந்த டிக்கெட்டை ஒவ்வொரு முறையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு மூடிவிடுகிறீர்கள். எதுவும் தீரவில்லை. ஆகவே இக்கடிதம்.

பெட்டியில் ‘உபுண்டு 22.04 எல்டிஎஸ்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த லினக்ஸில் எந்தக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி)? 2022 ஏப்ரலில் வெளிவந்தபோது 5.15. பிறகு எச்டபிள்யூஇ (புதிய வன்பொருளுக்காக உபுண்டு தரும் புதுக் கெர்னல்) வழியாக 22.04.3-இல் 6.2, 22.04.4-இல் 6.5, 22.04.5-இல் 6.8 என்று அதே 22.04-க்குள்ளேயே ஏறிவிட்டது. டெஸ்க்டாப்பில் வழக்கமான அப்டேட் போட்டாலே இதெல்லாம் வந்துவிடும். கிட் செய்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

6.5-இல் உங்கள் டிரைவரை அதன் மூல நிரலிலிருந்து கம்பைல் செய்தால் முதலில் ‘டிரிவியல் ஆட்டோ வார் இனிட்’ என்ற கம்பைலர் கொடி (விருப்பத் தேர்வு) தெரியாது என்று நின்றுவிடுகிறது. அந்தக் கெர்னலை ஜிசிசி-12 கம்பைலர் கொண்டு கட்டியிருக்கிறார்கள், 22.04-இன் இயல்பு ஜிசிசி 11. சரி, ஜிசிசி-12 போட்டாயிற்று. அடுத்து ‘கிளாஸ் கிரியேட்’ அழைப்பில் ஆர்குமென்ட் அதிகம் என்று பிழை. 6.4-இலேயே அதன் முதல் ஆர்குமென்ட்டான ‘திஸ் மாடியூல்’ எடுக்கப்பட்டுவிட்டது. கெர்னல் பதிப்பைச் சோதிக்கும் ஓர் ‘இஃப்’ போட்டால் முடிகிற வேலை. நானே திருத்திக்கொள்கிறேன் என்றால், டிரைவரின் நிரலைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்று உங்கள் மின்னஞ்சல் மிரட்டுகிறது!

இப்போது அந்தச் சேவைக் கவுண்டர் விஷயம். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து வந்து, சாப்பாட்டு நேரம் முடியும்வரை வாசலில் நின்றேன். உள்ளே இருந்தவர் போர்டைத் தம் லேப்டாப்பில் செருகி, “பாருங்கண்ணே, ஓடுது” என்றார். கெர்னல் பதிப்பைச் சொல்லும் யூநேம் கட்டளையை அடித்துக் காட்டச் சொன்னேன். 5.15! அதைச் சுட்டிக்காட்டியதும் சிரித்துக்கொண்டே, “லினக்ஸ் எல்லாம் எதுக்குண்ணே? விண்டோஸ் போடுங்கலா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். புது யூஎஸ்பி கேபிள் ஒன்றைக் கையில் திணித்ததுதான் மிச்சம். கம்பைல் ஆகாத டிரைவருக்குக் கேபிள் என்ன செய்யும்?

தொலைபேசியில் பேசியவர் செக்யூர் பூட்டை (கையெழுத்திடாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) அணைக்கச் சொன்னார். கையெழுத்திடாத மாடியூலை (கெர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்பு) கெர்னல் நிராகரிக்கும்போது வரும் செய்தி வேறு. இங்கே மாடியூலே உருவாகவில்லை. நான் அனுப்பிய லாக்கை யாராவது திறந்து பார்த்தீர்களா? பழைய 5.15-க்கே போய்விடுங்கள் என்றார் இன்னொருவர். என் லேப்டாப்பின் வைஃபை சிப்புக்கு அதில் டிரைவர் இல்லை.

போதாக்குறைக்கு உங்கள் இன்ஸ்டாலர் டிரைவரை டிகேஎம்எஸ்-இல் (கெர்னல் மாறும்போது டிரைவரைத் தானாக மறுபடி கட்டும் வசதி) பதிவு செய்வதில்லை. 5.15-இல் நன்றாக ஓடினாலும் கெர்னல் அப்டேட் ஒன்று வந்ததும் டிரைவர் காணாமல் போகும். உண்மையில் இப்படியொரு யூஎஸ்பி டீபக்கருக்குக் கெர்னல் மாடியூலே தேவையில்லை. யூஎஸ்பி கருவிகளோடு நேரடியாகப் பேசும் லிப்யூஎஸ்பி நூலகமும், கருவியைத் தொட அனுமதி தரும் ஒரு யூடெவ் விதியும் போதும். ஓப்பன்ஓசிடி என்ற திறந்த மூல டீபக் மென்பொருள் அப்படித்தான் எத்தனையோ டீபக்கர்களோடு பேசுகிறது. இதை ஏன் இவ்வளவு சிக்கலாக்கினீர்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

போர்டு விலை, அதற்காகவே வாங்கிய சென்சார்கள், டோல், பெட்ரோல், லீவு போட்ட நாட்கள் எல்லாம் வீண். இந்த ஆண்டு நான் செய்ய நினைத்ததெல்லாம் பாழ். எந்தத் தொகை கொடுத்தாலும் இது ஈடாகாது.

தயவுசெய்து 14 நாட்களுக்குள் 6.8-இல் ஏறும் டிரைவரை டிகேஎம்எஸ் வடிவில் அனுப்புங்கள். இல்லையேல் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள் இது. ரசீது என்னிடம் உள்ளது. பதில் வராவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன்; 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் மனு கொடுப்பேன். பெட்டியின் படத்தையும் சேர்த்தே கொடுப்பேன்.

கம்பைல் லாக் இரண்டையும் மறுபடி இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் தாருங்கள். அந்தக் கவுண்டர்காரரை மட்டும் என்னை அழைக்கச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாடிக்கையாளர்