கால்சியம் ஸ்கோர் எடுத்தால் போதுமா, விளக்கிச் சொல்ல வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாஸ்டர் செக்கப் விளம்பரங்களில் இப்போது ‘கால்சியம் ஸ்கோர்’ என்று ஒரு இதய சிடி ஸ்கேனையும் சேர்த்து விற்கிறார்கள். நான் இந்த ஸ்கேனுக்கு எதிரி இல்லை, நல்ல பரிசோதனைதான். ஆனால் அது யாருக்குத் தேவை, வந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று உட்கார்ந்து பேச ஆள் இல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், அப்புறம் எனக்கு எங்கே அடைப்பு என்று நம்மில் பலர் நிம்மதியாகிவிடுகிறோம். எக்கோவில் இதயத் தசையும் வால்வும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியும், ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிய ஆரம்பித்திருப்பது தெரியாது. டிரெட்மில் பரிசோதனையிலும் குழாய் கணிசமாகச் சுருங்கிய பிறகுதான் பெரும்பாலும் மாற்றம் தெரியும். கால்சியம் ஸ்கேன் உதவுவது அதற்கு முந்தைய கட்டத்தில். ஊசி கிடையாது, சில நிமிட வேலை, கதிர்வீச்சும் குறைவு. படிந்த கொழுப்பில் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகிப்போன இடங்களைக் கணக்கிட்டு ஒரு எண் தருவார்கள். அமெரிக்க மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டனும் அவருடன் இருந்தவர்களும் 1990-இல் வெளியிட்ட கணக்குமுறை இது.

அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2018-இல் தந்த வழிகாட்டுதலைப் பார்த்தால், இதை எல்லோருக்கும் எடுக்கச் சொல்லவில்லை. வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், சுகர், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்த்த பிறகும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான் அது. ஸ்கோர் 100 அல்லது அதற்கு மேல் என்றால் மாத்திரை தொடங்கலாம், 0 என்றால் தள்ளிப்போடலாம், ஆனால் சுகர் உள்ளவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர்கள் ஆகியோருக்கு இந்தத் தள்ளிப்போடுதல் பொருந்தாது. நம் ஊரில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத வீடு எத்தனை இருக்கும்?

எனக்கு அதிகம் பயம் தருவது அந்த 0 தான். சுண்ணாம்பு சேராத மென்மையான கொழுப்புப் படிவு இந்த ஸ்கேனில் தெரியாது, அதுவும் இளவயதுக்காரர்களிடம் அப்படிப்பட்ட படிவுதான் பெரும்பாலும் இருக்கும். 2004-இல் 52 நாடுகளை வைத்து வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது சுமார் 53, மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாக. ஸ்கோரை வைத்து ஆபத்தைக் கணிக்க உலகமே மேற்கோள் காட்டும் அமெரிக்காவின் மெசா ஆய்விலோ வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர் இருந்தார்கள், நம்மைப் போன்றவர்கள் இல்லை. நாற்பது வயதுக்காரர் 0 என்ற ரிப்போர்ட்டை நம்பி, நெஞ்சு அழுத்துவதை ‘கேஸ்’ என்று ஒதுக்கிவிட்டால் உயிரே போகும். வலி இருக்கும்போது பார்க்க வேண்டியது பழைய ஸ்கோரை அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவை.

எதிர்ப்பக்கம் இன்னொரு கொடுமை. வலி எதுவும் இல்லாத என் அண்ணனுக்கு ஸ்கோர் 200-ஐத் தாண்டியது என்பதற்காகவே, உடனே ஆஞ்சியோ செய்யுங்கள், அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று அவசரப்படுத்தினார்கள். வீட்டில் ஒருவரும் அன்று இரவு தூங்கவில்லை. 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் நிலையான இதயநோய் உள்ள 5,179 பேரைப் பார்த்தார்கள். முதலிலேயே ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களுக்கு, மருந்தோடு தொடங்கியவர்களைவிட மரணமோ மாரடைப்போ குறையவில்லை. வலி தீராதவர்களுக்கு ஸ்டென்ட் நிம்மதி தரும், மாரடைப்பு நேரத்தில் உயிரையே காக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வலியே இல்லாதவருக்கு வெறும் ஸ்கோரைக் காட்டி ஆஞ்சியோவுக்கு நாள் குறிப்பது சரியில்லை. அவருக்கு முதலில் வேண்டியது ஸ்டாட்டின், பிரஷர் சுகர் கட்டுப்பாடு, பீடி சிகரெட் நிறுத்தம், தினசரி நடை.

மாத்திரை எடுப்பவர்கள் அடுத்த வருடமே திரும்ப ஸ்கேன் எடுத்து, ஸ்கோர் ஏறியிருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவதும் நடக்கிறது. ஸ்டாட்டின் கொழுப்புப் படிவை இறுகச் செய்து வெடிக்காமல் வைக்கிறது, அதனால் ஸ்கோர் கொஞ்சம் கூடலாம். இதைச் சொல்ல மருத்துவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

மருத்துவமனைகளுக்கு என் வேண்டுகோள்: பணம் வாங்குவதற்கு முன்பே ஒரு மருத்துவர் இந்த ஸ்கேன் உங்களுக்கு வேண்டுமா என்று பார்த்துச் சொல்லட்டும், ரிப்போர்ட்டிலேயே ‘0 என்றாலும் நெஞ்சுவலியை அலட்சியம் செய்யாதீர்கள்’ என்று தமிழில் அச்சடியுங்கள். உங்கள் நாளிதழும் மருத்துவப் பக்கத்தில் ஒரு இதயநோய் மருத்துவரை இதைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்