உன் அப்பாவின் சைக்கிளுக்கு இரண்டு மீட்டர் ரேடியம்

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை என்று ஒல்லியிடம் புலம்பினாயாமே, நீ மட்டும் வாரம் ஒன்று எழுதிக் கிழித்துவிட்டாயா? சரி, அதை விடு. இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்து கொடுக்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி இருக்கும். மதுரையிலிருந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டி நம் ஊர் ரோட்டில் திரும்பியாயிற்று, நல்ல பனி. அந்தப் புளியமரங்களுக்கு நடுவில் எதிரே ஒரு லாரி, டிம் அடிக்காமல் முழு பிரைட்டில் வந்தான். அவன் தாண்டிப் போனதும் கண்ணுக்கு முன்னால் எல்லாமே கருப்பு. அந்தக் கருப்புக்குள் முதலில் எனக்குத் தெரிந்தது ஒரு குதிகால், செல்வம். வெடித்து வெளுத்த ஒரு குதிகால் மேலே போய்க் கீழே வந்தது. அதைப் பார்த்துத்தான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றபோது என் பம்பருக்கும் அந்தப் பின்சக்கரத்துக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. இறங்கி ஓடினால், உன் அப்பா. சொசைட்டிக்குப் பால் கொண்டு போகிறார்.

எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. அவர் என் தோளைத் தட்டி, "ஒண்ணும் ஆகலல்ல, விடுப்பா" என்கிறார்.

வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை. நான் 40-ல்தான் வந்தேன். 60-ல் வந்திருந்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர், பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒன்றரை நொடி என்று வைத்தாலே 25 மீட்டர் போயிருக்கும், அதற்கு அப்புறம்தான் வண்டி வேகம் குறையவே ஆரம்பிக்கும். அவரோ சாம்பல் நிறப் போர்வை, கருப்புச் சைக்கிள். பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதுதான், ஆனால் கேரியரில் இருந்து தொங்குகிற கோணிச்சாக்கு அதை அப்படியே மூடியிருந்தது.

அன்று மாலையே நம் வாடகை சைக்கிள் கடை அண்ணனைப் போய்ப் பார்த்தேன். டைனமோ எரியாத வண்டியில் டபுள்ஸ் போய்ப் போலீஸ் காற்றைப் பிடுங்கிவிட்ட அன்று நம்மைத் திட்டினாரே, அதே குரலில் இப்போதும் திட்டுகிறார். அவர்தான் லாரி பாடி கட்டுகிற இடத்தில் விற்கிற ரேடியம் டேப்பை வாங்கி வரச் சொன்னார். நாம் எல்லோரும் ரேடியம் என்கிறோமே தவிர அதில் ரேடியம் ஒரு துளியும் கிடையாது, அது தானாக ஒளிர்வதும் இல்லை. உள்ளே பொடிப் பொடியாகக் கண்ணாடி மணி, இல்லையென்றால் குட்டிக் குட்டிப் பட்டகங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக்கே அதைத் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளைச் சட்டை வெளிச்சத்தை நாலாபக்கமும் இறைத்துவிடுகிறது, டிரைவருக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். இரவில் என் சைக்கிளை வாசலில் நிறுத்தி டேப்பைச் சோதித்துப் பார்த்தேன். டார்ச்சை இடுப்பில் வைத்து அடித்தால் டேப் சும்மா மங்கலாகக் கிடக்கிறது. அதே டார்ச்சை நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தேன், குப்பென்று பற்றிக்கொண்டது! நான்கு வழிச்சாலையில் பதித்து மின்னுகிற பூனைக்கண்கள்கூட இதே வித்தைதான், இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934-ல் காப்புரிமை வாங்கியது.

அந்தக் குதிகால் விஷயத்துக்கு வருகிறேன். யோஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 1973-ல் எழுதியதைப் படித்தேன். ஆளின் மூட்டுகளில் மட்டும் விளக்குப் புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கவிட்டார், அந்தப் புள்ளிகள் அசைகிற விதத்தை வைத்தே பார்த்தவர்கள் அது மனிதன் என்று உடனே கண்டுகொண்டார்கள். அதனால்தான் பெடலிலும் அதைத் தாங்குகிற கிராங்கிலும் டேப் ஒட்டவேண்டும் என்று நான் இவ்வளவு சொல்கிறேன். மட்கார்டில் மின்னுகிற ஒரு புள்ளி மைல்கல்லாகவும் இருக்கலாம். மேலும் கீழும் போய்வருகிற இரண்டு புள்ளி சைக்கிள் மிதிக்கிற ஆள்தான், வேறு எதுவும் இல்லை.

என் சைக்கிளுக்கு ஒட்டி முடித்துவிட்டேன். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, அந்தப் பிசுக்குப் போகச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து ஒட்டினால்தான் பிடிக்கிறது. லாரி டேப் விறைப்பு, ஒல்லியான கம்பியில் சுற்றினால் ஓரம் தூக்கிக்கொள்கிறது, விரல் அகலத்துக்கு நறுக்கி நீளவாக்கில் ஒட்டவேண்டும். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள். சேறு படிந்தால் வேலை செய்யாது, வாரம் ஒருமுறை துடைக்கவேண்டும். ஹெட்லைட் இல்லாமல் வருகிற பைக்குக்கு இதனால் பயனில்லை, குறுக்கு ரோட்டில் இருந்து வருகிறவனுக்கும் பெரிதாக உதவாது. அதனால் சைக்கிளின் பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும், வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் உன் அப்பா வண்டியைத் தொட விடவில்லை. பெயின்ட் கெட்டுவிடுமாம், திருவிழாச் சப்பரம் மாதிரி ஆகிவிடுமாம். "பழனிக்கு நடக்கிற பக்தர்களுக்கே போலீஸ் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறது, உங்களுக்கு என்ன?" என்று கேட்டேன். சிரித்தாரே ஒழிய மசியவில்லை. பால் கேனைச் சுற்றி ஒரு பட்டை ஒட்ட மட்டும் அத்தை, அதான் உன் அம்மா, விட்டார், சாக்கை மேலே இழுத்துக் கட்டுவதாகவும் சொன்னார். அது போதாது, செல்வம். கால் தெரியவேண்டும்.

நான் சொன்னால் சின்னப் பையன் பேச்சு. நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார், கூப்பிட்டுப் பேசு. நான் கத்தரியும் டேப்புமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.

உன்,
குமார்