அந்தக் கைப்பேசியை விற்காதே, ஐயா

சுங்கை சிப்புட்

அன்பு மகனுக்கு,

கூட்டாளியின் போனை வாங்கிப் பேசியதால் நேற்று எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ வாங்கிய பழைய கைப்பேசி திருட்டுப் பொருளாம், 900 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டதே என்று அம்மாவுக்கு வருத்தம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது நீ கடைசியாகச் சொன்ன பேச்சு. யாரோ அந்தக் கைப்பேசியின் பூட்டை உடைத்துத் தருகிறானாம், வேறு ஒருவர் தலையில் கட்டிவிட்டால் போட்ட காசு வந்துவிடுமாம்.

அதைச் செய்யாதே ஐயா.

வாங்கும்போது உனக்கு ஒன்றும் தெரியாது, உன்மேல் குற்றமில்லை. ஆனால் பூட்டிய திரையில் வந்த எண்ணுக்கு நீயே அழைத்தாய். ஈப்போ பேருந்து நிலையத்தில் பறிகொடுத்ததையும் போலீசில் ரிப்போர்ட் செய்ததையும் கைப்பேசியின் சொந்தக்காரப் பெண்ணே சொல்லிவிட்டாள். இனி தெரியாது என்று சொல்ல வழியில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் நேர்மையில்லாமல் வைத்துக்கொள்கிறவனைத் தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவு பிடிக்கும், 5 ஆண்டுவரை சிறை. தெரிந்தே விற்றுத் தள்ள உதவுகிறவனுக்கு 414ஆம் பிரிவு. உன் கூட்டாளிக்கும் சொல்லி வை.

காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்று கேட்டாய். உன் ஆதங்கம் புரிகிறது. ஆனால் விற்றவனுக்கே சொந்தமில்லாததை அவன் எப்படி உனக்குச் சொந்தமாக்குவான்? 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்திலும் இதுதான் விதி.

போனைவிட அதிலிருக்கும் தன் தாயாரின் படங்களைத்தான் அவள் கேட்டாள் என்றாயே, அது மனதை விட்டுப் போகவில்லை. தோட்டத்து லயத்தைக் காலி செய்து டவுனுக்கு வந்தபோது தாத்தாவின் ஒரே படம் தொலைந்தது. பாட்டி இன்னும் பெட்டியைத் திறந்தால் அதைத் தேடுகிறார். பூட்டை உடைக்கிறவன் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிடுவான்.

நாளைக்கே பக்கத்து போலீஸ் நிலையத்துக்குப் போ. அடையாள அட்டை, கைப்பேசி, பெட்டி, பணம் போட்ட வங்கி ரசீது எல்லாம் கொண்டுபோ. கூட்டாளியின் போனிலிருந்து விற்றவனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் காட்டு, எதையும் அழிக்க வேண்டாம். அந்த ரசீதில் இருக்கும் கணக்கு எண்தான் அவனைப் பிடிக்க உனக்கு இருக்கும் முக்கியமான பிடி. அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்துக் கொடுக்காதே, போலீஸ் வழியாகவே போகட்டும். ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிக்கொள். ஆள் யாரென்று தெரிந்தால் கொடுத்த காசைத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 5,000 வெள்ளிவரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம்.

இனி பழைய போன் வாங்கினால் *#06# அழுத்து. போனின் அடையாளமாக வருகிற 15 இலக்க எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். விற்கிறவன் உன் கண்முன்னே போனில் பதிந்த தன் கணக்கை நீக்கட்டும். போன் தரச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிரிம் முத்திரையை மட்டும் நம்பாதே. அது களவுப் பொருளா இல்லையா என்று சொல்லாது.

போன் இல்லாமல் வேலைக்குச் சிரமம், தெரியும். அம்மாவின் பழைய போன் நன்றாகவே வேலை செய்கிறது, இந்த வாரம் பேருந்தில் அனுப்புகிறேன். 7ஆம் தேதிக்குள் தோட்டத்தில் சம்பளம் போட்டுவிடுவார்கள், கையில் கொடுக்க ஏதாவது பார்க்கிறேன். ரிப்போர்ட் எடுத்ததும் அதன் எண்ணைச் சொல்.

அன்புடன்,
அப்பா