ஜன்னல் ஓரத்து ஜாடி

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த ஒரு படம்தான். மேசையை அழகாக வைத்திருக்கிறாய். உருளைக்கிழங்கும் முட்டையும் நன்றாக வந்திருப்பது பார்த்தாலே தெரிகிறது. ஒரே தட்டுதான் இருந்தது. சரி, அதை விடு. ஜன்னல் ஓரத்தில் ஒரு ஜாடி இருக்கிறதே, எண்ணெயில் பூண்டு மிதக்கிறதே, அது எத்தனை நாளாக அங்கே இருக்கிறது?

அதை முதலில் கொட்டிவிடு. மோந்து பார்க்காதே, ருசி பார்க்காதே. பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் இருக்கும் போட்டுலிசம் கிருமியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். உணவில் விஷம் ஊறவைக்கும் கிருமி அது. காற்றில்லாத இடத்தில்தான் அந்தக் கிருமி வளரும். எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது, பூண்டில் ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை, அறைச் சூடும் சேர்ந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? விஷம் ஊறினாலும் நிறம் மாறாது, வாடை வராது. 1985இல் கனடாவின் வான்கூவரில், குளிரில் வைக்காத பூண்டு எண்ணெயால் 36 பேர் நோயில் படுத்தார்கள். எதையாவது சாப்பிட்ட பிறகு பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை சரிந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போ.

காய்ச்சித்தானே செய்தேன் என்பாய். அந்த வித்து கொதி சூட்டில் சாகாது. அழுத்தத்தோடு 121 டிகிரி வேண்டும். ஈரமுள்ள பூண்டின் உட்புறம் சட்டியில் அந்த நிலைக்கு வராது.

இனி இப்படிச் செய். 100 மில்லி ரேப்சீட் எண்ணெய்க்கு (கடுகு இனத்து விதையில் ஆட்டுவது, கனோலா என்பதும் இதுதான்) நான்கு பல் பூண்டு, லேசாக நசுக்கியது. சின்னத் தீயில் 15 நிமிடம். பூண்டைச் சுற்றிப் பொடிக் குமிழி வந்தால் போதும், சடசடவென்று பொரியக்கூடாது. வைக்கோல் நிறம் வந்ததும் இறக்கி வடிகட்டு. பழுப்பானால் கசப்பு எண்ணெயில் இறங்கிவிடும், பிறகு எதைச் சேர்த்தாலும் போகாது. ஆறியதும் ஃப்ரிட்ஜ். நான்கு நாளில் தீர்த்துவிடு. இந்த எண்ணெய் குளிரில் கட்டியாகாது, எடுத்ததும் ஊற்றலாம். தீராது என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வை, வேண்டும்போது ஒரு கட்டி எடு. கடையில் வாங்கும் பாட்டிலுக்கு அதன் மேலே எழுதியிருப்பதுதான் கணக்கு.

எண்ணெயில் போடும் எலுமிச்சைத் தோலும் பச்சை இலையும் ஈரமானவை, அவற்றுக்கும் அதே ஃப்ரிட்ஜ், அதே நான்கு நாள். எலுமிச்சையில் மஞ்சள் தோலை மட்டும் சீவு, வெள்ளை கசக்கும்.

காய்ந்த மிளகாயில் ஈரம் இல்லாததால் அந்தப் பயம் குறைவு. 100 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த் துகள். எண்ணெயைச் சூடாக்கி அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் பொறு. ஒரு துகளைப் போட்டால் நுரைக்க வேண்டும், கறுக்கக்கூடாது. பிறகு மிளகாய்த் துகள் மேல் மொத்த எண்ணெயையும் ஊற்று.

இந்த எண்ணெய்களில் வதக்காதே. அடுப்பில் வாசனை பறந்துவிடும், அடியில் இருக்கும் துகள் கருகும். வதக்க, பொரிக்க வெறும் ரீஃபைண்டு போதும். வாசனை எண்ணெய் கடைசியில், தட்டில். 250 கிராம் உருளைக்கிழங்கை உப்புப் போட்டு வேகவை, தண்ணீரை வடித்து ஒரு நிமிடம் சட்டியிலேயே ஈரம் போகவிட்டு மசி, பூண்டு எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. ஈரம் போகாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். முட்டைக்கு மிளகாய் எண்ணெய் அரைத் தேக்கரண்டி. வெந்த பயறுக்கும் சூடான சோற்றுக்கும் எலுமிச்சை எண்ணெய் ஒரு தேக்கரண்டி. சூடு ஏற்றாமல் ஆட்டிய ரேப்சீட் எண்ணெய் கிழங்குக்கு அருமை, கொட்டை வாசம் இருக்கும். எலுமிச்சையை அது அமுக்கிவிடும், அதற்கு ரீஃபைண்டுதான்.

ரேப்சீட் இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய் என்று சித்தி சொன்னதற்குப் பயப்படாதே. இயந்திரத்துக்கு ஊற்றியது பழைய வகை, எரூசிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிகுந்தது. அதைக் குறைத்த விதையை 1970களில் கனடாவில் உருவாக்கினார்கள், கனோலா என்ற பெயர் அப்படி வந்ததுதான். வெயில்தான் இதற்கு ஆகாது. வெளிச்சம் பட்டால் மீன் வாடை வந்துவிடும். ஜன்னலில் வைக்காதே. பூண்டு எண்ணெயை வெளியே வைக்கவே வைக்காதே.

ஜன்னலில் வைக்க உனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. பச்சை மூடி ஜாடியை நான்தான் அடுப்புப் பக்கத்தில் வாரக்கணக்கில் வைத்திருந்தேன். உங்கள் இருவர் தட்டிலும் அதைத்தான் ஊற்றினேன். அக்காள் ஒரு தடவை வாடை அடிக்கிறது என்றபோது, சாப்பிடு என்று அதட்டினேன். தெரியாமல் செய்தேன். தெரிந்த பிறகும் உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டேன். என்னைப் பார்த்துக் கற்றதைத்தான் நீ செய்கிறாய்.

அப்பா நலம். ஜாடியைக் கொட்டிவிட்டாய் என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம், அது போதும்.

தட்டில் ஊற்றும் அளவெல்லாம் ஒருவருக்குத்தான் போட்டிருக்கிறேன். இருவர் என்றால் இரட்டித்துக்கொள்.

அம்மா