தயாராக இல்லையென்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்

பக்கவாத சிகிச்சை உண்டு என்று அறிவித்திருக்கும் மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

முகம் கோணினால், கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வாருங்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள்தான். ஆண்டுதோறும் அக்டோபர் 29, உலகப் பக்கவாத தினத்தன்று அதையே திரும்பச் சொல்கிறீர்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம். அம்மாவுக்கு வலது கை துவண்டு பேச்சு நின்றபோது நாங்கள் கைவைத்தியம் பார்க்கவில்லை, விடியட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. அரை மணி நேரத்துக்குள் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டோம். இருபத்து நான்கு மணி நேரமும் பக்கவாத சிகிச்சை கிடைக்கும் என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள்.

மருந்து போடும் முன் கட்டாயம் எடுக்கவேண்டிய சி.டி. ஸ்கேனை எடுக்க அன்றிரவு ஆள் இல்லை. பணியில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எங்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

பதிவு போடச் சொன்னார்கள், போட்டோம். முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். ரத்தம் எடுத்துப் போனார்கள். “கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கேட்டார்கள். மருந்து போடலாமா கூடாதா என்பதையே தீர்மானிக்கும் கேள்வி அது என்று எனக்குத் தெரியும். அதனால் நேரத்தைச் சரியாகச் சொன்னேன். யாரும் அதை எழுதிவைக்கவில்லை. அடுத்து வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இதற்கு நடுவில் ஒருவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். விழுங்க முடிகிறதா என்று பார்க்காமலே கொடுத்ததில் அம்மாவுக்குப் புரையேறி மூச்சுத் திணறியது. அம்மாவால் பேச முடியவில்லையே தவிர, நடப்பதெல்லாம் புரிந்தது. இடது கையால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். ஏன் யாரும் எதுவும் செய்யவில்லை என்று கேட்கிறார் என நினைத்தேன். சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போன பிறகு டூட்டி டாக்டர் வந்து, “இங்கே இப்போது முடியாது, வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லும்போது அவர் குரலிலேயே சங்கடம் இருந்தது. இரவுப் பணிப் பட்டியல் போட்டவர் அவரில்லை.

அடுத்த மருத்துவமனையில் நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றும்போது, நோய் தொடங்கியதிலிருந்து அதற்கு உள்ள நாலரை மணி நேர எல்லை முடியும் தறுவாய். அம்மா இப்போது நடக்கிறார், பேச்சு மட்டும் திரும்பவில்லை. அந்த இரண்டு மணி நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் திரும்பியிருக்குமா என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் எல்லோரையும் அரித்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஸ்கேன் பழுது, ஆள் இல்லை, மருந்து இருப்பில் இல்லை, காரணம் எதுவானாலும் சரி, அந்த நேரத்தில் வரும் பக்கவாத நோயாளியின் வீட்டாரிடம் வாசலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். மூச்சும் ரத்த அழுத்தமும் சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள், அது உங்கள் கடமை. அதைப் பார்த்துக்கொண்டே தயாராக இருக்கும் இன்னொரு மருத்துவமனைக்கு நீங்களே போன் செய்து, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டார்கள். பதிவுச் சீட்டுக்கு வரிசையில் நின்ற நேரத்தை அந்தக் கணக்கில் பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தால் பலன் உண்டு என்பது 1995-லேயே நிரூபணமான விஷயம். அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டலாம் என்று 2008-இல் காட்டினார்கள். அந்த எல்லைக்குள்ளும் எவ்வளவு சீக்கிரம் மருந்து போகிறதோ அவ்வளவு நல்லது. கவுண்டரில் இருந்தவர் எங்களிடம், “இப்போதெல்லாம் இருபத்து நான்கு மணி நேரம் வரை டைம் இருக்கிறது, பதறாதீர்கள்” என்றார். அவர் கேள்விப்பட்டது ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செலுத்தி ரத்தக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை. அவ்வளவு தாமதமாக அதைச் செய்யலாம் என்பது, காப்பாற்றக்கூடிய பகுதி மூளையில் இன்னும் மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான். ஸ்கேனே எடுக்காத இடத்தில் அந்த ஆறுதலைச் சொல்லக் கூடாது.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998-இல், நோயாளி உள்ளே வந்ததிலிருந்து மருந்து ஏறும்வரை சராசரியாக 105 நிமிடம் ஆனது. 2011-இல் அதை 20 நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வழியிலேயே தகவல் கொடுத்துவிடும். நோயாளி வந்து சேர்வதற்குள் அவருடைய பழைய விவரங்களைத் திரட்டி, ஸ்கேனுக்கும் சொல்லி வைத்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோய் அந்த மேசையிலேயே மருந்தைப் போடுவார்கள். ஸ்கேனை அவசரப் பிரிவுக்கே கொண்டுவந்தது ஒன்றுதான் செலவு பிடித்த வேலை. மற்றதெல்லாம் யார், எதை, எப்போது செய்வது என்று உட்கார்ந்து பேசி முடிவெடுத்தது. எங்களை எல்லா ரத்தப் பரிசோதனை முடிவுகளும் வரட்டும் என்று உட்காரவைத்தார்கள். பெரும்பாலானோருக்கு மருந்து போடும் முன் அவற்றில் கட்டாயம் தெரியவேண்டியது சர்க்கரை அளவு மட்டும்தான். விரலில் ஒரு குத்துக் குத்தி உடனே பார்த்துவிடலாம்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு எல்லோரும் ஓடிவருகிறார்கள், வரத்தான் வேண்டும். பக்கவாதம் பெரும்பாலும் வலிப்பதில்லை. நோயாளி அலறுவதில்லை, பேச்சே போனவரால் முறையிடவும் முடியாது. அமைதியாகப் படுத்திருப்பதாலேயே அவர் வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறார். வரவேற்பறையைப் புதுப்பிக்கிறீர்கள், விளம்பரத்துக்குச் செலவழிக்கிறீர்கள், இரவில் ஸ்கேன் அறையில் ஓர் ஆளை உட்காரவைக்க மட்டும் ஏன் முடியவில்லை? நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள் என்று மேடைதோறும் வருத்தப்படுகிறீர்களே, நேரத்தோடு வந்தவர்களை என்ன செய்தீர்கள்?

கோபத்தில் எழுதியதற்கு மன்னியுங்கள். இரவும் பகலும் கண்விழித்து உயிர் காக்கும் எத்தனையோ பேர் உங்களிடம் வேலை செய்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். அவர்களும் உங்களிடம் இதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தயவுசெய்து இந்த மாத இரவுப் பணிப் பட்டியலையும் விடுமுறை நாள் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். ஸ்கேனுக்கு ஆள் இல்லாத நேரங்கள், நரம்பியல் மருத்துவரைப் போனில்கூடப் பிடிக்க முடியாத நேரங்கள் எவையென்று குறித்து, அவற்றை ஆம்புலன்ஸ் சேவைக்கும் உங்கள் அவசரப் பிரிவுக்கும் எழுத்தில் கொடுங்கள். அந்த நேரங்களில் வருபவர்களிடம் வாசலிலேயே உண்மையைச் சொல்லி அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்