கழுத்து டாப்ளர் பார்க்கும் ரேடியாலஜி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் ஸ்கேன் மையங்களிலும் பணிபுரியும் ரேடியாலஜி மருத்துவர்களுக்கு, வணக்கம்.

வாதநோய் (ருமட்டாலஜி) பிரிவுக்கு வரும் இளம்பெண்களில் சிலருடைய கதை ஏறக்குறைய ஒன்றுதான். மாதக்கணக்கில் களைப்பு, அவ்வப்போது காய்ச்சல். கையை உயர்த்தித் துணி உலர்த்தினால் வலி. ஒரு கையில் பி.பி. எகிறியிருக்கும், மறு கையில் நாடியே சரியாகக் கிடைக்காது. கோப்பைப் புரட்டினால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனான கழுத்து டாப்ளரின் ரிப்போர்ட் ஒன்று இருக்கும்: “ரத்த ஓட்டம் சீராக உள்ளது, குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை.”

அதில் பொய் எதுவும் இல்லை. பக்கவாதம் வந்த பெரியவருக்கு முதலில் தெரிய வேண்டியதும் அதுதான். ஆனால் இந்தப் பெண்ணுக்குத் தமனிச் சுவரின் தடிப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதை யாரும் அளக்கவில்லை.

இவர்களிடம் நாங்கள் சந்தேகிப்பது தகயாசு நோயை, அதாவது பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் வரும் அழற்சியை. அந்த அழற்சி பிடிப்பது சுவரில். குழாய் சுருங்குவதும் நாடி மறைவதும் பிறகு நடப்பவை. 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கிதோ தகயாசு, 21 வயதுப் பெண்ணின் விழித்திரை நாளங்களில் கண்ட மாற்றங்களைப் பதிவு செய்தார். தலைக்குப் போகும் ரத்தம் வெகுவாகக் குறைந்த பிறகு வரும் மாற்றங்கள் அவை. அவ்வளவு தூரம் போகும்வரை இன்று காத்திருக்க வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டின் லீனியர் ப்ரோபைக் கழுத்தில் குறுக்காக வைத்தால், பொதுக் கழுத்துத் தமனியின் சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருப்பது தெரியும். ‘மக்ரோனி சைன்’ என்று நீங்கள் படித்ததுதான். கொழுப்புப் படிவு பெரும்பாலும் தமனி பிரியும் இடத்தில், ஒரு பக்கமாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். இளவயதில் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய சுவர் ஒன்றரை, இரண்டு என்று நின்றால் அதை ரிப்போர்ட்டில் எழுதாமல் விடலாமா?

அனுப்பும் மருத்துவர் சீட்டில் ‘நெக் டாப்ளர்’ என்று மட்டும் எழுதினால் நீங்கள் எப்படி ஊகிப்பீர்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனால் வயது 24 என்று அதே சீட்டில் இருக்கிறதே.

இதேபோல் தமனிச் சுவரில் அழற்சி பிடிக்கும், முதியோருக்கு வரும் ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் வட ஐரோப்பாவைவிட இங்கே குறைவு. அதனாலேயே அது பலருக்கு நினைவுக்கு வருவதுமில்லை. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி என்றால் நெற்றிப்பொட்டுத் தமனியைப் பாருங்கள். ஸ்கேனில் அதைச் சுற்றித் தெரியும், சுவரின் வீக்கத்தைக் காட்டும் கருவளையத்தை ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஷ்மிட் குழு 1997-இல் வெளியிட்டது. 2022-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் இந்த நோய்க்கு வெளியிட்ட வகைப்பாட்டுப் புள்ளிமுறையில் அந்த வளையத்துக்கும் பயாப்ஸிக்கும் ஒரே மதிப்பு, 5 புள்ளி. ஸ்டீராய்டு தொடங்கினால் வளையம் சில நாட்களிலேயே மங்கத் தொடங்கும். ஸ்கேனுக்காக மருந்தைத் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடலாம். ஆகவே இந்த நோயாளிக்கு அடுத்த வாரம் தேதி கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்தில் சில மருத்துவமனைகளில் வாதநோய் மருத்துவரே ப்ரோபை எடுத்து அன்றே பார்த்துவிடுகிறார். இங்கே 1994-ஆம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி, ஸ்கேன் மிஷினுக்கும் அது இருக்கும் இடத்துக்கும் பதிவு வேண்டும். நினைத்த அறைக்கு மிஷினைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம், அதில் எனக்குக் குறையில்லை. அதனால் எங்கள் நோயாளிகள் உங்கள் அறைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

அல்ட்ராசவுண்டில் எல்லாம் தெரியாது. மார்புக்குள் இருக்கும் பெருந்தமனிக்கு எம்.ஆர். அல்லது சி.டி. ஆஞ்சியோ வேண்டும். ஆனால் இந்திய நோயாளிகளில் வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் அடிக்கடி பாதிக்கப்படுகின்றன. இளவயது பி.பி.க்குச் சிறுநீரக ஸ்கேன் எடுக்கும்போது அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கேட்பது இவ்வளவுதான்: நாற்பது வயதுக்குள் இருப்பவருக்குக் கழுத்து டாப்ளர் என்றால், இருபுறமும் பொதுக் கழுத்துத் தமனி, காறை எலும்புக்கு அடியில் போகும் தமனி, அக்குள் தமனி ஆகியவற்றின் சுவர் அளவை மில்லிமீட்டரில் எழுதுங்கள். குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ‘வாஸ்குலைட்டிஸ்’ (ரத்தநாள அழற்சி) என்று எழுதத் தயக்கமாக இருந்தால் எழுத வேண்டாம், நாடி, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை, மற்ற ஸ்கேன்களோடு சேர்த்து நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
வாதநோய்ப் பிரிவு மருத்துவர் ஒருவர்