நம்ம நடைபயணச் சங்கத்தோட 2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் எழுதுனது, கொஞ்சம் நீளம்தான்

தலைவர் அண்ணாச்சிக்கும், செயற்குழு ஆட்களுக்கும், சந்தா கட்டுன உறுப்பினர்களுக்கும், இனிமே கட்டப்போற உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கெழம பொதுக்குழுவுல வாசிச்சதுதான் இது, ஆனா ரெண்டாவது பக்கம் திருப்புறதுக்குள்ள வடை வந்துட்டதால யாரு காதுலயும் விழல, அதனால முழுசா குரூப்ல போடுதேன், பொறுமையா படிங்க.

மொதல்ல வழக்கமான சங்கதி. வருசத்துக்கு ஒம்பது நடைன்னு திட்டம், ஆறு போனோம். ஏப்ரல்ல திருப்புடைமருதூர், ஆத்தங்கரை மரத்துல நாரை கூடு பாத்தோம், நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ள ஓவியம் இருக்கு அதையும் பாப்போம்னு நெனச்சோம், ரெண்டு பேருக்கு வெரசா பசி வந்துட்டதால திரும்பிட்டோம். 2005லயே அரசு அறிவிச்ச பறவைகள் காப்பகம் இவ்வளவு பக்கத்துல இருக்குன்னு நம்ம ஆளுவள்ல பாதி பேருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சிது. ஜூலைல பாபநாசம் அகஸ்தியர் அருவி, குளிச்சோம், வந்தோம். ஆகஸ்ட்ல திருக்குறுங்குடி மலை நம்பி கோயில், எல்லாரும் நடந்தே ஏறுவோம்னு தீர்மானம் போட்டு கடைசில நாலு பேரு நடந்தோம், மிச்சப்பேரு ஜீப்பு. அக்டோபர்ல களக்காடு தலையணை, மலையடிவாரத்துல ஆத்துல குளிக்குற எடம், மேல மழை பெஞ்சி தண்ணி கூடிட்டதால குளிக்க விடல, கொண்டு போன புளியோதரைய வண்டி நிப்பாட்டுற எடத்துலயே சாப்பிட்டோம். நவம்பர்ல கங்கைகொண்டான் மான் சரணாலயம், 2013ல அறிவிச்சது, புள்ளிமான் ரெண்டு தூரத்துல தெரிஞ்சிது, பொருளாளர் ஒண்ணுதாம்னு சொல்லுதாவ. டிசம்பர்ல மழை, ஆத்துல வெள்ளம், 2023 மாதிரி ஆயிருமோன்னு பயந்து எங்கயும் போகல. மாஞ்சோலை எப்போ மாஞ்சோலை எப்போன்னு மாசம் ஒருக்க கேக்கவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிடுதேன், அந்த மலை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு, வனத்துறை அனுமதி வேணும், எங்க வீட்டு மொட்டமாடியா நெனச்ச நேரம் ஏறுறதுக்கு.

ஜனவரில கூந்தன்குளம். இதப்பத்தி கொஞ்சம் பேசணும். இருவது சீட்டு வேன், பேரு குடுத்தது 17, குரூப்ல கட்டவெரல் காட்டுனது 23, காலைல அஞ்சரை மணிக்கு வேன் முன்னாடி நின்னது டிரைவர சேக்காம ஆறு பேரு. ஒருத்தருக்கு லேசா காச்ச, ஒருத்தருக்கு சம்மந்தி வீட்டுல சடங்கு, ஒருத்தர் போனே எடுக்கல, பத்து மணிக்கு "கெளம்பிட்டீங்களா"ன்னு மெசேஜ் போடுதாவ. வேன் வாடகை ஆறு பேருக்குன்னு டிரைவர் கொறைக்கவா செய்வாரு. ஆனா போனவங்களுக்கு கொடுப்பினை. 1994ல சரணாலயம் ஆச்சி, 2022ல ராம்சார்னு சொல்லுத உலக ஈரநிலப் பட்டியல்லயும் சேந்துட்டு, அதெல்லாம் சரி, அங்க பாக்க வேண்டியது குளத்த மட்டும் இல்ல, ஊர. தெருவுல வீட்டு வாசல்ல நிக்க மரத்துலயே மஞ்சமூக்கு நாரை கூடு கட்டுது, கீழ ஒரு அக்கா பாட்டுக்கு பாத்திரம் வெளக்கிட்டிருக்காவ, எச்சம் தோள்ல விழுது, துடைச்சிட்டு அடுத்த பானைய எடுக்காவ. தீவாளிக்கு வெடி போட மாட்டாங்க அந்த ஊர்ல. இமயமலைக்கு மேல பறந்து வர்ற வரித்தல வாத்து நூறு நூத்தம்பது இருக்கும், தண்ணில பைய மெதந்துட்டு கெடந்துச்சி. அது அவ்வளவு தூரத்துல இருந்து நேரத்துக்கு வந்துட்டு, நம்ம ஆளுக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர முடியல.

இப்போ கால்வாய்க்கரை நடைபாதை. இதுல எனக்கு பாசம் ஜாஸ்தின்னு சொல்லுதாவ, இருக்கட்டும். நம்ம ஊரு மடைல இருந்து கெழக்க மூணு கிலோமீட்டர் கன்னடியன் கால்வாய் கரை முழுக்க சீமக்கருவேலம் அடைச்சி கெடந்தது எல்லாருக்கும் தெரியும். வேன் புடிச்சி அருவிக்கு போறோம், நம்ம வாசல்ல ஓடுற தண்ணிக்கரைல நடக்க வழியில்லையேன்னுதான் ஆரம்பிச்சேன். போன சித்திரைல தண்ணி இல்லாத நேரமா பாத்து வெட்ட எறங்குனோம், மொத ஞாயிறு பதினோரு பேரு, ரெண்டாவது ஞாயிறு அஞ்சு, மூணாவது ஞாயிறு நானும் ரிட்டயர்டு வாத்தியார் சாரும் மட்டும். முள்ளு செருப்ப தொளைச்சி அவர் குதிகால்ல ஏறி அங்கனயே உக்காந்து ஊக்கால எடுத்தோம், மனுசன் எந்திரிச்சி மறுபடி அருவாள எடுத்தாரு. கரை நம்மளது இல்ல, அரசாங்கத்தோடது, அனுமதிக்கு ஒரு அலுவலகத்துக்கு காயிதம் குடுத்தேன், இன்னொரு அலுவலகத்துக்கு போவச் சொன்னாவ, அங்க போனா மொத அலுவலகத்துக்கு போவச் சொன்னாவ. பதில் வர்றதுக்குள்ள வெட்டுன முள்ளெல்லாம் அடில இருந்து தளுத்து முழங்கால் ஒசரத்துக்கு வந்துட்டு. சீமக்கருவேலம் அப்படித்தான், மேல வெட்டுனா அதுக்கு முடி வெட்டுன மாதிரி, தூரோட தோண்டணும். தண்ணி ஓரத்துல தோண்டுனா கரை எளகிரும்னு பக்கத்து வயக்காரர் சத்தம் போட்டாரு, அவர் சொன்னது நியாயம், அதனால ஓரத்துல உள்ளத வெட்டி மட்டும் விட்டோம், அந்த எடத்துல கரைய புடிச்சிக்கிடட்டும்னு ஐப்பசில மருதங்கன்னு 40 வச்சோம். இப்போ 26 நிக்கி. மிச்சம் ஆடு. ஆடு யாரு வீட்டு ஆடுன்னு நான் அறிக்கைல எழுதல.

தூரக்கல்லு நட்ட கதையும் சொல்லணும். 250 மீட்டருக்கு ஒரு கல்லு, ஆக 13 கல்லு. என் பேரன் சைக்கிள் டயர்ல சாக்பீஸால ஒரு கோடு போட்டு, அது தரைய தொடும்போதெல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி உருட்டிட்டே போனோம், ஒரு சுத்து ரெண்டு மீட்டர், 125 சுத்துக்கு ஒரு கல்லு. செயற்குழுவுல ஒருத்தர் போன்ல பாத்தா 180 மீட்டர் கொறையுதேன்னு கேட்டாவ, போன் குறுக்க வரப்புல போகும், நாங்க கரையோட வளைஞ்சி போனோம், அவ்வளவுதான் வித்தியாசம். மரத்துக்கு பேரு போர்டு ஆணி அடிக்காம கயித்துலதான் கட்டிருக்கோம். அஞ்சாவது கல்லுகிட்ட நட்ட அறிவிப்பு பலகைய எருமை முதுகு சொறிஞ்சி சொறிஞ்சி சாய்ச்சிட்டு, ரெண்டு தடவ நிமித்துனேன், மூணாவது தடவ எருமைக்கே விட்டுட்டேன். பாதை செயலாளர் வீட்டு பொறவாசல் வழியா போகுது பாத்தீங்களான்னு ஒரு பேச்சு ஓடிச்சி, என் காதுக்கும் வந்துச்சி. ஒரு கன்னட தேசத்து பையன் பசு மாட்டுக்கு பின்னாலயே போயி, அது போன வழிலதான் இந்த கால்வாய வெட்டுனான்னு நம்ம பக்கத்து கதை. எங்க வீட்டுப்பக்கம் ஏன் திரும்புச்சின்னு அந்த பசுவத்தான் கேக்கணும், எங்க தாத்தா ஒண்ணும் வழி காட்டல. காலைல ஆறு மணிக்கு ஏழாவது கல்லுல நின்னு பாருங்க, வயல்ல நத்தக்குத்தி நாரை குனிஞ்சி குனிஞ்சி நத்தைய தேடிட்டிருக்கும், அது அலகு நடுவுல ஒரு சந்து இருக்கும், பாக்குவெட்டி மாதிரி. பாத்துட்டு பொறவு பேசுங்க.

வரவு செலவு. விவரமா பொருளாளர் ஃபைல்ல இருக்கு, கேட்டா காட்டுவாவ. தோராயமா சொன்னா வரவும் செலவும் சரியாப்போச்சி, வங்கில கொஞ்சம் இருக்கு, அதுல ஒரு பகுதி பெயின்ட், கயிறு, கல்லு எறக்குன கூலின்னு நான் கைக்காசு போட்டதுக்கு எனக்கு வரவேண்டியது, அத இப்போ கேக்கல. 72 உறுப்பினர்ல சந்தா கட்டுனது 31 பேரு. வருசத்துக்கு 300 ரூவா, மாசம் 25, ரெண்டு சாயா காசு. மூணு வருசமா கட்டாதவங்க பேரு பட்டியல் பொதுக்குழுவுல வாசிக்கணும்னு தீர்மானம் இருந்துச்சி, அன்னைக்கு அவுகள்ல பல பேரு முன்வரிசைல வடை சாப்பிட்டுட்டு இருந்ததால வாசிக்கல.

நன்றி சொல்லணும். தலைவர் அண்ணாச்சிக்கு, கூட்டத்துக்கு எடம் குடுத்த கல்யாண மண்டபத்துக்கு, ஒலிபெருக்கி குடுத்தவருக்கு, வனத்துறை காவலர்களுக்கு, வேன் டிரைவருக்கு, வாத்தியார் சார் குதிகாலுக்கு, ஞாயித்துக்கெழம காலைல என்ன வீட்டுல தேடாத எங்க வீட்டம்மாவுக்கு.

அடுத்த வருசம் வல்லநாடு வெளிமான் சரணாலயமும், தேரிக்காடும் போகலாம்னு பேசிருக்கோம், செம்மண்ணுல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நடக்கணும், அதுக்கு நாலரைக்கு கெளம்பணும், நாலரைக்கு எந்திரிக்க முடிஞ்சவங்க மட்டும் கட்டவெரல் காட்டுங்க. கால்வாய்ப் பாதைய இன்னும் ரெண்டு கிலோமீட்டர் நீட்டலாம், நான் தனியா நீட்ட மாட்டேன். எனக்கு வயசு 63, முட்டி முன்ன மாதிரி இல்ல. செயலாளர் பொறுப்புக்கு வேற யாரு வந்தாலும் சந்தோசம்தான், ஒருத்தரும் கை தூக்காததால தலைவர் அண்ணாச்சி என்னையவே தொடரச் சொன்னாவ, நானும் வேண்டாம்னு ரெண்டு தடவதான் சொன்னேன், மூணாவது தடவ சொல்லல. வர விருப்பம் உள்ளவங்க எப்போ வேணாலும் சொல்லலாம், சோலி என்னன்னு கூட இருந்து காட்டித் தாரேன்.

சாமான் எல்லாம் எங்க வீட்டு மாட்டுத்தொழுவுல இருக்கு. வெட்டருவா ரெண்டு, கடப்பாரை ஒண்ணு, பாதி பெயின்ட் டப்பா, பறவை எழுதுற நோட்டு, மம்பட்டி மூணு. சங்கத்துக்கு வாங்குனது நாலு. நாலாவது மம்பட்டி யாரு வீட்டுல இருக்குன்னு எனக்கும் தெரியும், அவுகளுக்கும் தெரியும், கார் நெல் சாகுபடிக்கு தண்ணி திறக்குறதுக்கு முன்னாடி கொண்டாந்து போட்டா போதும், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.